தொகுத்தாரும் தொகுப்பித்தாரும்: கட்டற்ற இயங்குதளங்கள் குறித்த ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

கட்டற்ற இயங்குதளங்களை ஒப்பிட்டு எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை நிறுவும் நாளோடு நின்றுவிடுகின்றன. நிறுவுதல் எளிதாக இருந்ததா, திரை பொலிவாக இருந்ததா, அச்சுப்பொறி உடனே இயங்கியதா என்பனவே அவற்றின் அளவுகோல்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இத்தளங்களோடு பழகிய பயனர் கேட்கும் கேள்விகள் வேறு. அடுத்த பதிப்புக்கு மாறும்போது பழைய அமைவுக் கோப்புகள் என்னவாகும்? ஐந்தாண்டுகளுக்கு முன் உருவாக்கிய செயலி நாளையும் இயங்குமா? நேற்றுவரை இருந்த ஒரு கூறு இன்று நீக்கப்பட்டிருந்தால் அம்முடிவை எடுத்தவர் யார்? இக்கட்டுரை இவ்விரண்டாம் வகைக் கேள்விகளையே ஒப்பீட்டின் அடிப்படையாகக் கொள்கிறது.

ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, டெபியன், ஸ்லாக்வேர், சென்ட்ஓஎஸ் ஆகியவை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அன்றாடப் பயன்பாட்டில் இவை ஏறத்தாழ ஒன்றே. ஒரே உலாவி, ஒரே தரவுத்தளம், ஒரே வகைக் கட்டளைகள் இவை அனைத்திலும் கிடைக்கின்றன. வேறுபாடு, முழுமைக்கும் பொறுப்பேற்பவர் யார் என்பதில் இருக்கிறது. அவ்வேறுபாடு பெரிதும் 1991-க்கும் 1995-க்கும் இடையில் உருவானது.

இதனை விளக்கத் தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்த ஒரு பாகுபாடு உதவும். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பாடியோர் வேறு பலர். நற்றிணைக்குத் தொகுப்பித்தவர் பெயர் கிடைக்கிறது, தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை. குறுந்தொகைக்குத் தொகுத்தவர் பூரிக்கோ எனத் தெரிகிறது, தொகுப்பித்தவர் தெரியவில்லை. இயற்றுதல், தொகுத்தல், தொகுப்பித்தல் ஆகிய மூன்றும் மூன்று செயல்கள் என்பதே இங்கு வேண்டப்படுவது. ஒப்புமையை அதற்கு மேல் நீட்டிப்பது இரு பொருளுக்கும் பொருந்தாது.

பெர்க்லி மரபும் வழக்கும்

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ், தொடக்கத்தில் விற்பனைப் பொருளாக இருக்கவில்லை. அதன் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம், 1956-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி கணிப்பொறி வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. எனவே யூனிக்ஸ் மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்கப்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதனைப் பெற்றுத் தன் சேர்க்கைகளோடு 1978 முதல் வெளியிடலாயிற்று. பில் ஜாய் தொடங்கிவைத்த இவ்வெளியீடுகளே பிஎஸ்டி எனப்பட்டன. 1983-இல் வந்த 4.2பிஎஸ்டி, இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை உள்ளடக்கியிருந்ததால் ஆய்வு நிறுவனங்களிடையே விரைந்து பரவியது.

1984-இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டபோது பழைய தடையும் நீங்கியது, யூனிக்ஸ் விலைப்பொருளாயிற்று. உரிமக் கட்டணம் உயர உயர, பெர்க்லியின் சொந்த நிரல்களை மட்டும் தனியே பெற விரும்பியோர் பெருகினர். கீத் பாஸ்டிக் என்பவர் தன்னார்வலர்களைத் திரட்டி, யூனிக்ஸ் கருவிகளை அவற்றின் மூல நிரலைப் பாராமல், செயல் விளக்கத்தை மட்டும் கொண்டு புதிதாக எழுதச் செய்தார். எழுதியவர்களுக்குக் கிடைத்த ஊதியம் பங்களிப்பாளர் பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே. 1991 ஜூனில் வெளிவந்த 'நெட் 2' வெளியீட்டில், வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதியாகிய கருனியில் ஆறு கோப்புகள் தவிர அனைத்தும் இருந்தன. அவ்வாறையும் பில் ஜோலிட்ஸ் எழுதி நிரப்பினார். 1992-இல் 386பிஎஸ்டி பிறந்தது.

அதே ஆண்டில் வழக்கும் பிறந்தது. நெட் 2-ஐ அடிப்படையாகக் கொண்டு வணிகம் தொடங்கிய பிஎஸ்டிஐ நிறுவனத்தின் மீதும், பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் மீதும், ஏடி அண்ட் டியின் துணை நிறுவனமான யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ் வழக்குத் தொடுத்தது. பல்கலைக்கழகம் எதிர்வழக்கிட்டது. 1994 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்கப்பட்டவை மூன்று. வேறு சிலவற்றில் சிறு திருத்தங்களும் உரிமைக் குறிப்புகளும் சேர்க்கப்பட்டன. மூன்று கோப்புகளுக்காக இரண்டாண்டுகள் என்பது வரலாற்றில் அரிதான கணக்கு. 1993-இல் தோன்றியிருந்த ஃப்ரீபிஎஸ்டி, உடன்பாட்டின் விளைவாகத் தன் அடித்தளத்தையே கைவிட்டு, தூய்மைப்படுத்தப்பட்ட 4.4பிஎஸ்டி-லைட்டின் மீது மீண்டும் கட்டப்பட வேண்டியதாயிற்று. அவ்வாறு கட்டப்பட்ட இரண்டாம் பதிப்பு 1994 நவம்பரில் வெளிவந்தது.

இவ்வழக்கே லினக்ஸின் வெற்றிக்குக் காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். 386பிஎஸ்டி முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸ் ஒருவேளை தோன்றியிராது என்று லினஸ் டோர்வால்ட்ஸும் 1993-இல் ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார். இக்கருத்தில் உண்மை இருப்பினும் அது பரவலை மட்டுமே விளக்குகிறது, வடிவத்தை விளக்கவில்லை. பெர்க்லியிலிருந்து வந்தது கருனி மட்டுமன்று. நிரலகங்கள், கட்டளைகள், கையேட்டுப் பக்கங்கள் ஆகிய அனைத்தும் ஒரே மூலநிரல் மரத்தில், ஒரே குழுவின் பொறுப்பில் வந்தன. அப்பொறுப்பை ஃப்ரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் 1993-இல் அப்படியே ஏற்றன. நெட்பிஎஸ்டியிலிருந்து விலக்கப்பட்ட தியோ டி ராட் 1995-இல் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டியும் அதையே ஏற்றது. இவை மூன்றிலும் இயற்றியோரும் தொகுத்தோரும் பெரும்பாலும் ஒருவரே.

கருனியிலிருந்து தொகைக்கு

லினக்ஸின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் அறிவித்த குனூ திட்டம், 1991-க்குள் கம்பைலர், தொகுப்பான், கட்டளைக் கருவிகள் எனப் பெரும்பகுதியை உருவாக்கியிருந்தது. கருனி மட்டும் நிறைவுறவில்லை. ஹெல்சிங்கி மாணவர் டோர்வால்ட்ஸிடம் கருனி இருந்தது, வேறொன்றும் இல்லை. 1992-இல் அவர் தம் கருனியை குனூ பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்ததும் இரண்டும் பொருந்தின. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பயனர் கையில் கொடுக்கும் பொறுப்பை இரு தரப்பாரும் ஏற்கவில்லை. அவ்விடைவெளியில் தோன்றியவையே 'வழங்கல்கள்' எனப்படும் தொகைகள்.

1992-இல் வந்த எஸ்எல்எஸ் என்னும் தொகை குறைகள் மலிந்தது. அதனைத் திருத்தப் புகுந்த பேட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அதன்மீது அதே அதிருப்தி கொண்ட இயன் மர்டாக் என்னும் பர்டியூ பல்கலைக்கழக மாணவர், அடுத்த மாதமே டெபியனை அறிவித்தார். ஒரே குறைபட்ட மூலத்திலிருந்து ஒரு மாத இடைவெளியில் கிளைத்த இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சென்றன. ஸ்லாக்வேரில் தொகுத்தவர் இன்றளவும் அவர் ஒருவரே எனலாம். 2016-இல் 14.2 வெளிவந்தபின் 15.0-க்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொதிகளுக்கிடையேயான சார்புகளைத் தானே தீர்க்கும் வசதி அதன் மையக் கருவிகளில் இல்லை. அதைப் பயனரின் பொறுப்பாக அது விட்டுவைத்திருக்கிறது. டெபியனோ தொகுத்தலையே ஓர் ஆட்சிமுறையாக்கியது. அது தனியே கருதத்தக்கது.

2038: ஒரே சிக்கல், இரு விடைகள்

முப்பதாண்டுப் பழைய பிறப்பு வேறுபாடு இன்றைய பயனரை எவ்வாறு தொடுகிறது என்பதற்கு நேரக் கணக்கீட்டுச் சிக்கலைவிடத் தெளிவான சான்று இல்லை. யூனிக்ஸ் மரபு நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக எண்ணுகிறது. அவ்வெண் 32 பிட் அளவில் சேமிக்கப்பட்டால் 2,147,483,647 வரையே செல்லும். 2038 ஜனவரி 19-இல் அவ்வெல்லை வந்துவிடும். அடுத்த நொடி 1901-க்குத் திரும்பும். அவ்வெண்ணை 64 பிட்டாக விரிப்பதே தீர்வு. தீர்வு எளிதாயினும் நேரத்தைத் தொடும் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு நிரலகமும் ஒரே வேளையில் மாற வேண்டும் என்பதே இடர்.

ஓப்பன்பிஎஸ்டி 2014 மே மாதத்தில் வெளியிட்ட 5.5 பதிப்பில், 32 பிட் கணிப்பொறிகள் உள்ளிட்ட எல்லாவற்றுக்கும் இம்மாற்றத்தைச் செய்து முடித்தது. கருனியும் நிரலகமும் கட்டளைகளும் ஒரே குழுவிடம் இருந்ததால் அனைத்தையும் ஒருசேர மாற்ற முடிந்தது. பழைய பதிப்பில் உருவாக்கிய செயலிகள் புதியதில் இயங்காது என்பதை அக்குழு மறைக்கவில்லை. பயனர் மீண்டும் உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, அண்மைய இரு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் என்பது அதன் நடைமுறை. பழையதைக் காப்பது அதன் வாக்குறுதிகளுள் ஒன்றன்று. இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நெட்பிஎஸ்டி 2012-இலேயே தன் 6.0 பதிப்பில் இதே மாற்றத்தைப் பழைய செயலிகள் முறியாத வகையில் செய்திருந்தது. ஆகவே ஒரே மரம் என்பது மாற்றத்தை இயலச் செய்கிறது. பயனர்மீது எவ்வளவு சுமை ஏற்றுவது என்பது அக்குழுவின் மனப்பாங்கைப் பொறுத்தது.

டெபியனில் இதே மாற்றம் 2024-இல்தான் நடந்தது. இத்தாமதத்திற்குச் சோம்பல் காரணமன்று. முதலில் லினக்ஸ் கருனி மாற வேண்டும். அது 2020-இல் வந்த 5.6 பதிப்பில் நிறைவுற்றது. பின்னர் குனூ சி நிரலகம் மாற வேண்டும்; அது 2021-இல் நிகழ்ந்தது. இவ்விரண்டும் டெபியனுக்கு வெளியே, தத்தம் பராமரிப்பாளர்களிடம் உள்ளவை. அதன்பின் நேரத்தைத் தொடும் நிரலகப் பொதிகளையெல்லாம் அடையாளங்கண்டு, புதிய பெயரிட்டு, அவற்றைச் சார்ந்தவற்றை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட பொதிகளின் பெயரில் 'டி64' என்னும் பின்னொட்டு நிற்கிறது. சுவடியில் ஏடெழுதியவர் கைக்குறிப்பு எஞ்சியிருப்பது போன்றது அது. இவ்வளவு முயன்றும், பழைய இன்டெல் வகை 32 பிட் கட்டமைப்புக்கு மட்டும் மாற்றம் செய்யப்படவில்லை. அக்கட்டமைப்பின் இன்றைய முதன்மைப் பயனே, மூல நிரல் கிடைக்காத பழைய செயலிகளை இயக்குவதுதான். அவற்றை முறித்தால் அதைப் பேணுவதன் நோக்கமே கெடும்.

இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வினாவுக்குப் பொது விடை இல்லை. தீச்சுவர் எனப்படும் வலைப்பின்னல் காவலுக்கு ஒரு கணிப்பொறியை வைத்திருப்பவர்க்கு ஓப்பன்பிஎஸ்டியின் துணிவு நன்மை. இருபதாண்டுக்கு முந்தைய ஆய்வகக் கருவியொன்றின் மென்பொருளை இயக்க வேண்டியவர்க்கு டெபியனின் தயக்கமே காப்பு. நிறுவும் நாளில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் படாது.

டெபியனின் வாக்கெடுப்பு

டெபியனுக்குத் தொகுப்பித்தவர் என எவரும் இல்லை. 1997-இல் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தம், 1998-இல் ஏற்கப்பட்ட அமைப்புச் சட்டம், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர், பொதுத் தீர்மானங்கள் ஆகியவற்றால் அது தன்னைத்தானே ஆள்கிறது. 1998-இல் வகுக்கப்பட்ட திறந்த மூல வரையறையும் டெபியனின் வழிகாட்டு நெறிகளிலிருந்தே உருவானது.

இவ்வாட்சிமுறை கடுஞ்சோதனைக்குள்ளானது 2014-இல். கணிப்பொறி தொடங்கும்போது சேவைகளை எழுப்பி ஆளும் பணியைப் பழைய எளிய நிரல்களிலிருந்து 'சிஸ்டம்-டி' என்னும் புதிய கட்டமைப்புக்கு மாற்றுவதா என்பது வினா. ரெட் ஹேட் சார்புடைய ஃபெடோரா 2011-இலேயே மாறியிருந்தது. டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்தமையால், 2014 பிப்ரவரியில் தலைவரின் தீர்ப்பு வாக்கால் சிஸ்டம்-டி தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிவரை பூசல் ஓயவில்லை. குழு உறுப்பினர்கள் சிலர் விலகினர். உடன்படாதோர் டெவுவான் என்னும் தனிக்கிளையை அறிவித்தனர். அதன் முதல் நிலைப்பதிப்பு 2017-இல் வந்தது.

இங்கு நோக்கத்தக்கது முடிவின் சரிதவறன்று. வாக்களிக்கும் உரிமை டெபியன் உருவாக்குநர்களுக்கே உரியது, பயனர்க்கில்லை. ஆனால் ஒவ்வொரு வாதமும் வாக்கும் பொதுவில் பதிவாகிக் கிடக்கிறது. இம்முடிவால் பாதிக்கப்பட்டோர் டெபியன் பயனர் மட்டுமல்லர். உபுண்டுவும் அதைப் பின்பற்றியது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனை அடியாகக் கொண்டது. தமிழ்நாட்டுப் பள்ளியொன்றில் அதன்முன் அமர்ந்த மாணவர், தாம் அறியாத ஓர் அவையின் முடிவுகளுக்கு உட்பட்டவரே. தொகையிலிருந்து தொகை பிறக்கும்போது பொறுப்பின் தொடர் நீள்கிறது. அத்தொடரைத் தேட விழைபவர்க்கு டெபியனில் ஆவணம் உண்டு என்பதே அதன் தனிச்சிறப்பு.

உரிமம் பயனரை வந்தடையும் வழி

உரிம வேறுபாடு சட்டம் பயின்றோர்க்கு மட்டும் உரியதென்று கருதப்படுவதுண்டு. நடைமுறை அவ்வாறில்லை. சன் நிறுவனம் உருவாக்கிய இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை 2008 முதல் ஃப்ரீபிஎஸ்டியோடு வருகிறது. அதன் உரிமம் குனூ பொது உரிமத்தோடு பொருந்தாது எனப் பரவலாகக் கருதப்படுவதால் லினக்ஸ் கருனியில் அது இன்றும் இடம்பெறவில்லை; பயனர் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுதலையாக, குனூ கம்பைலர் 2007-இல் மூன்றாம் பதிப்பு உரிமத்துக்கு மாறியதும் ஃப்ரீபிஎஸ்டி அதன் புதிய வெளியீடுகளைத் தன் மரத்தில் ஏற்க மறுத்து, 4.2.1-இலேயே ஆண்டுக்கணக்கில் நின்றது. 2014-இல் வந்த பத்தாம் பதிப்பில் கிளாங் கம்பைலருக்கு மாறியது. ஓப்பன்பிஎஸ்டியில் 2001-இல் நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. அதுவரை பயன்பட்ட தீச்சுவர் நிரலின் உரிமம் மாற்றங்களுக்கு இடந்தராது என்று தெரியவந்ததும் அது நீக்கப்பட்டு, டேனியல் ஹார்ட்மெயர் தொடங்கிய 'பிஎஃப்' சில மாதங்களில் அவ்விடத்தை நிரப்பியது. இன்று பலரும் ஓப்பன்பிஎஸ்டியைத் தேர்வதற்குக் கூறும் காரணங்களுள் அந்நிரல் ஒன்று.

தொகுப்பித்தவரின் மனமாற்றம்

சென்ட்ஓஎஸ் 2004-இல் தோன்றியது. ரெட் ஹேட் நிறுவனம் கட்டணச் சேவையோடு அளிக்கும் தொகையின் மூல நிரலைக் கொண்டு, அதே தொகையைக் கட்டணமின்றி மீண்டும் உருவாக்குவதே அதன் பணி. பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் அதனை விரும்பியதற்குக் காரணம் ஒன்றே: ஒரு பதிப்புக்குப் பத்தாண்டுத் திருத்தம் கிடைக்கும். 2014-இல் ரெட் ஹேட் சென்ட்ஓஎஸைத் தன் அரவணைப்பில் எடுத்துக்கொண்டது. 2019-இல் ரெட் ஹேட்டை ஐபிஎம் வாங்கியது.

இயற்பியல் ஆய்வகங்களான ஃபெர்மிலேபும் செர்னும் இதே மூலத்திலிருந்து சயின்டிஃபிக் லினக்ஸ் என்னும் தமக்கான தொகையைப் பேணி வந்தன. 2019 ஏப்ரலில் ஃபெர்மிலேப், அதன் எட்டாம் பதிப்பை உருவாக்கப்போவதில்லை என்றும் சென்ட்ஓஎஸ் 8-க்கு மாறுவதாகவும் அறிவித்தது. தொகுக்கும் உழைப்பைப் பொதுவான ஓரிடத்தில் விட்டுவிடலாம் என்பது நியாயமான கணிப்பே. 2020 டிசம்பர் 8-இல் வந்த அறிவிப்பு அக்கணிப்பைத் தகர்த்தது. 2029 வரை திருத்தம் பெறுமென எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடிவுறும் என்றது அவ்வறிவிப்பு. முந்தைய ஏழாம் பதிப்போ 2024 ஜூன் வரை தொடர்ந்தது. விரைந்து புதியதற்கு மாறியோர் தண்டிக்கப்பட, தள்ளிப்போட்டோர் தப்பினர்.

உரிமத்தின்படி இதில் மீறல் எதுவுமில்லை. மூல நிரல் அப்படியே இருந்தது. எவரும் அதை எடுத்து மீண்டும் தொகுக்கலாம். கட்டற்ற மென்பொருள் உறுதியளிப்பது மூலத்தை; தொகுப்பாரின் உழைப்பை அன்று. சென்ட்ஓஎஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரெகரி கர்ட்சர் உடனே ராக்கி லினக்ஸை அறிவித்தார், அல்மாலினக்ஸும் தோன்றியது. செர்னும் ஃபெர்மிலேபும் 2022 டிசம்பரில் அல்மாலினக்ஸைத் தேர்ந்தன.

2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வெளியிடும் வழியையும் சுருக்கி, சந்தாதாரர்க்கும் பங்காளிகளுக்கும் மட்டுமே நேரடியாகக் கிடைக்குமாறு செய்தது. அவ்விரு தொகைகளும் இதற்கு அளித்த விடைகள் வேறுபட்டன. ராக்கி லினக்ஸ் வேறு வழிகளில் மூலத்தைப் பெற்று, ரெட் ஹேட்டின் படியாகவே நீடிக்க முயன்றது. அல்மாலினக்ஸ் வரிக்குவரி ஒத்திருக்கும் குறிக்கோளைக் கைவிட்டு, ரெட் ஹேட்டில் இயங்கும் செயலிகள் தன்னிலும் இயங்கினால் போதும் என வரையறுத்துக்கொண்டது. அதன்பின் ரெட் ஹேட் திருத்தாத பிழைகளையும் தானே திருத்தும் பொறுப்பு அதற்கு வந்துசேர்ந்தது.